பாரம்பரியமும் கீழ்ப்படிதலும்: எகோன் முதல் காம்போஸ் வரை



சமய சரித்திரத்தில் ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அத்துறையில் பழகியவர்க்கும் பழகாதவர்க்கும் ஒருங்கே விளங்குமாறு பேசவேண்டும் என்பது இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் நிபந்தனை. அந்நிபந்தனைக்கு உட்பட்டு, கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளேயே பிறந்து, அதன் பழைய வழிபாட்டையும் பழைய போதனை முறையையும் கைவிடமாட்டோம் என்று உறுதி பூண்டு, அவ்வுறுதியின் காரணமாகவே திருச்சபையின் தலைமையோடு முரண்பட நேர்ந்த சமூகங்களைப் பற்றி இன்று பேசத் துணிகிறேன். சென்ற அரை நூற்றாண்டுக் காலத்தில் கத்தோலிக்கரை மிகவும் வருத்திய விவாதங்களுள் இது ஒன்று. வருத்தம் மிகுந்த இடத்தில் வார்த்தை தடிப்பது இயல்பாதலின், இவர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் பல, ஒரு கட்சியின் வக்கீல் வாதமாகவே அமைந்துவிட்டன. நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி சொல்லி, என் அபிப்பிராயத்தையும் அதனூடே மறைக்காமல் வெளியிடுவது என் நோக்கம்.

இப்பொருள் தமிழ்க் கத்தோலிக்கரின் மனத்தில் எளிதிற் படியாத ஒன்று. பூசை இலத்தீனில் நடந்த காலத்தில், குருவானவர் பீடத்தை நோக்கி நின்று தாழ்ந்த குரலில் செபங்களைச் சொல்லிக்கொண்டிருக்க, கீழே தரையில் அமர்ந்திருந்த ஜனங்கள் தமிழிற் செபமாலை சொல்லியும், தமிழ்ப் பாட்டுகளைப் பாடியும் தங்கள் பக்தியைச் செலுத்திவந்தார்கள். பின்னர் பூசையே தமிழில் வந்தபோது, அது அவர்களுக்கு வெகுகாலம் காத்திருந்து பெற்ற வரமாக இருந்தது. அவ்வரத்தைப் பெற்ற நமக்கு, அதே மாறுதலைத் தங்கள் வாழ்வின் பெருந்துயரமாகக் கருதிய மக்கள் வேறு தேசங்களில் இருந்தார்கள் என்பதும், அவர்களுட் பலர் கல்வியிலும் ஒழுக்கத்திலும் தியாகத்திலும் சிறந்தவர்கள் என்பதும் வியப்பாகத் தோன்றக்கூடும். அவர்களுள் ஒரு சாரார் நிறுவிய குருக்கள் சங்கத்தின் இல்லம் ஒன்று பாளையங்கோட்டையிலும் உண்டு. எனினும் இவ்விவகாரத்தின் வேர்கள் பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் பிரேசிலிலும் இருப்பதால், அங்கே சென்று பார்த்தாலன்றி இதன் உண்மை புலப்படாது.

பிரான்ஸின் வடகோடியில், நூலாலைகள் நிறைந்த தூர்க்குவான் நகரில், 1905 நவம்பர் 29-ஆம் நாள் மார்செல் லெஃபேவ்ர் பிறந்தார். ஆலை முதலாளியின் குடும்பம். பிள்ளைகள் எண்மரில் ஐவர் குருக்களாகவோ கன்னியராகவோ தங்களைத் தேவ ஊழியத்துக்குக் கொடுத்துவிட்டனர். தந்தையார் ரெனே லெஃபேவ்ர், ஜெர்மானியர் ஆக்கிரமித்த காலத்தில் நேசநாடுகளுக்கு உதவியதற்காகப் பிடிபட்டு, 1944-இல் நாஜிகளின் ஸொன்னென்பர்க் சிறைமுகாமில் உயிர்துறந்தார். இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இதன் அவசியம் விளங்கும். 1929-இல் குருப்பட்டம் பெற்ற மார்செல், பரிசுத்த ஆவி சபையிற் சேர்ந்து ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் வேதபோதகராகப் பல்லாண்டு உழைத்து, செனெகலின் தக்கார் நகருக்கு அதிமேற்றிராணியாராகி, பிரெஞ்சு மொழி வழங்கிய ஆப்பிரிக்க நாடுகளுக்கெல்லாம் பாப்பரசரின் பிரதிநிதியாகவும் பணியாற்றினார். தம் கையாலே 1949-இல் குருப்பட்டம் கொடுத்த யாசிந்த் தியாந்தும் என்னும் ஆப்பிரிக்க இளைஞர், 1962-இல் தக்காரின் அதிமேற்றிராணியாராகத் தமக்குப் பின் அமர்வதையும் அவர் கண்டார். சுதேச குருக்களை வளர்த்துப் பொறுப்பை அவர்களிடம் விட்டு விலகிய ஒருவரைப் பழமையில் உறைந்துபோன மனிதர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நீதியாகாது. தியாந்தும் பின்னாளிற் கர்தினாலானார். தம் குருவுக்கும் ரோமாபுரிக்கும் இடையே பிளவு நேர்ந்தபோது, அதைத் தீர்க்க மத்தியஸ்தம் செய்ய முயன்றவர்களுள் அவரும் ஒருவர்.

1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தில், லெஃபேவ்ர் பரிசுத்த ஆவி சபையின் பெருந்தலைவராக அமர்ந்திருந்தார். அங்கே பிரேசில் தேசத்து மேற்றிராணிமாரான புரோயென்சா சிகாவுத், காஸ்த்ரோ மேயர் முதலானோரோடு சேர்ந்து, புதிய ஆவணங்களின் சில வாசகங்களைத் திருத்தப் பாடுபட்ட சிறு குழுவை அவர் நடத்தினார். வழிபாட்டைப் பற்றிய ஆவணம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் 2147 வாக்குகளுக்கு 4 வாக்குகள் என்ற கணக்கில் ஏற்கப்பட்டது. இலத்தீனைக் காக்கவேண்டும் என்றும், கிரகோரியன் இசைக்கு முதன்மை தரவேண்டும் என்றும் அதே ஆவணம் விதிக்கிறது; ஆகவே பொதுச்சங்கம் இலத்தீனை ஒழித்துவிட்டது என்று சொல்வோர் அதனை வாசித்தவரல்லர். முரண்பாடு கூர்மையடைந்தது மதசுதந்தரத்தைப் பற்றிய ஆவணத்தில். 1965 டிசம்பர் 7-ஆம் நாள் நடந்த இறுதி வாக்கெடுப்பில் 2308 பேர் அதனை ஏற்க, 70 பேர் மறுத்தார்கள். எந்த மனிதனையும் அவன் மனச்சாட்சிக்கு மாறாக மதவிஷயத்தில் அரசு வற்புறுத்தலாகாது என்ற அக்கொள்கை, கிறிஸ்துவ சிறுபான்மையினராய் வாழும் நமக்கு மிகவும் இயல்பானதாகத் தோன்றும். பிரெஞ்சுப் புரட்சியின் வழிவந்த அரசு, 1905-இல் மதத்தையும் ராஜ்யத்தையும் சட்டத்தால் பிரித்த அதே ஆண்டிற் பிறந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாப்பரசர்கள் அப்பிரிவினையைக் கண்டித்து எழுதிய நிருபங்களையே பாடமாகக் கற்றவருக்கோ, நேற்றுவரை பிழை என்று சொல்லப்பட்டது இன்று உண்மையாகிவிட்டதென்றால் திருச்சபையின் வாக்கு எதற்கு நிற்கும் என்ற கேள்வி எழுந்தது. அக்கேள்விக்கு அவர் கண்ட விடையை நான் ஏற்கவில்லை. ஆயினும் கேள்வி வெறும் பிடிவாதத்திற் பிறந்ததன்று.

1969 ஏப்ரலில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் புதிய பூசைப் புத்தகத்தைப் பிரகடனம் செய்தார். அவ்வாண்டுத் திருவருகைக் காலத்தில் அது வழக்கத்துக்கு வந்தது. 1570-இல் ஐந்தாம் பத்திநாதர் ஒழுங்குபடுத்திய புத்தகம், இடையிடையே சிறு திருத்தங்களோடு, 1962-இல் இருபத்துமூன்றாம் அருளப்பர் வெளியிட்ட பதிப்பு வரையில் நானூறு ஆண்டுகள் வழங்கிவந்தது. அது நின்றபோது ஏற்பட்ட அதிர்ச்சி கத்தோலிக்கரோடு முடியவில்லை. இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டி, யூத இசைஞரான யெகூதி மெனுகின் முதலிய கலைஞர்களும் எழுத்தாளர்களும் பழைய பூசையைக் காக்கவேண்டும் என்று ஒப்பமிட்டு விண்ணப்பிக்க, 1971-இல் அந்நாட்டுக்கு மட்டும் விசேஷ அநுமதி கிடைத்தது. மற்றைய தேசங்களில், மேற்றிராணிமார் பலர் ஓர் ஆண்டுக்குள்ளாகவே பழைய பீடங்களை அகற்றுவித்து, பழைய புத்தகங்களை மூடச்செய்து, நேற்றுவரை பாவமென்று எண்ணப்பட்ட பலவற்றை இன்றுமுதல் கடமையென்று போதித்தார்கள். சீர்திருத்தத்தின் அவசியத்தை நான் மறுக்கவில்லை. அது வந்த வேகத்தையும், வயது முதிர்ந்த விசுவாசிகளின் துக்கத்தை யாரும் உட்கார்ந்து கேளாமற் போனதையும் நினைக்க நினைக்க மனம் வருந்துகிறது.

இச்சூழ்நிலையில், பழைய முறைப்படி குருக்களாகப் பயில விரும்பிய சில இளைஞர்கள் ஓய்வுபெற்றிருந்த லெஃபேவ்ரை நாடி வந்தார்கள். பத்தாம் பத்திநாதர் பெயரால் அவர் தொடங்கிய குருக்கள் சங்கத்தை, 1970 நவம்பர் முதல் நாள், சுவிட்சர்லாந்தின் பிரிபூர்க் மேற்றிராணியாரான சாரியேர் முறைப்படி அங்கீகரித்தார். அந்நாட்டின் வலே மாகாணத்தில், மலையடிவாரத்துச் சிற்றூரான எகோனில் குருமடம் எழுந்தது. அச்சங்கம் திருச்சபையின் சட்டத்துக்குட்பட்டே பிறந்தது என்பதை நண்பர்கள் கவனிக்கவேண்டும். பிரான்ஸின் குருமடங்கள் காலியாகிக்கொண்டிருந்த அவ்வாண்டுகளில் எகோன் நிரம்பியது. 1974 நவம்பரில் ரோமாபுரியிலிருந்து பரிசோதகர் இருவர் வந்து சென்றபின், லெஃபேவ்ர் சினத்தோடு ஒரு பிரகடனத்தை எழுதி, நித்திய ரோமாபுரியைப் பின்பற்றுவதாகவும், நவீனக் கொள்கைகளிற் சாய்ந்த ரோமாபுரியை மறுப்பதாகவும் அறிவித்தார். ரோமாபுரியை இரண்டாகப் பகுத்த அந்த ஒரு நாளிலேயே பின்விளைவுகள் எல்லாம் அடங்கியிருந்தன என்பது என் கருத்து. 1975 மே மாதத்தில் சங்கத்தின் அங்கீகாரம் நீக்கப்பட்டது. 1976 ஜூன் 29-இல் தடையை மீறி அவர் குருப்பட்டம் அளித்தார். ஜூலை 22-இல் எல்லாத் திருப்பணிகளினின்றும் விலக்கப்பட்டார். ஆகஸ்டில் லீல் நகரில் அவர் செய்த பூசைக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 27-இல் பாரிஸின் நடுவேயுள்ள புனித நிக்கோலாஸ் து ஷார்தொனே ஆலயத்தை அவருடைய ஆதரவாளர்கள் கைப்பற்றினார்கள். காலிசெய்ய வேண்டுமென்று நீதிமன்றம் தீர்ப்பளித்தும் அது நிறைவேற்றப்படவில்லை. இன்றும் அவ்வாலயம் அவர்கள் வசமே உள்ளது.

இனி 1988-க்கு வருவோம். தமக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தமக்குப் பின் தம் குருமாணவருக்குப் பட்டம் கொடுக்க மேற்றிராணியார் இல்லை. மேற்றிராணியார் இன்றிக் குருவில்லை, குருவின்றிப் பூசையில்லை என்பதே லெஃபேவ்ரின் கவலை. ரோமாபுரியும் அதை உணர்ந்தது. 1987-இன் இறுதியிற் கர்தினால் காஞோன் வந்து சங்கத்தின் இல்லங்களைப் பார்வையிட்டார். அப்பால் ரோமாபுரியின் சார்பிற் பேசிய கர்தினால் ராட்சிங்கரோடு நடந்த பேச்சின் பயனாக, 1988 மே 5-ஆம் நாள் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. திருச்சபையின் போதிக்கும் அதிகாரத்தைப் பற்றிய பொதுச்சங்கப் போதனையை ஏற்பதாகவும், கடினமாகத் தோன்றும் மற்றைப் பகுதிகளைக் குறித்துப் பகையின்றி ஆராய்வதாகவும் லெஃபேவ்ர் வாக்களித்தார். சங்கத்துக்குச் சட்டப்படியான இடமும், ரோமாபுரியில் அமையும் ஆணைக்குழுவில் பாரம்பரியத் தரப்பினருக்கு இரண்டு இடங்களும், சங்கத்திலிருந்தே ஒரு மேற்றிராணியாரும் கிடைக்க வழி பிறந்தது. இரவு கழிந்தது. மறுநாட் காலையிலேயே அவர் கடிதம் எழுதி, மேற்றிராணியாரின் அபிஷேகத்துக்கு ஜூன் 30-ஆம் நாளை உறுதிசெய்ய வேண்டும் என்றும், இல்லாவிடில் தாமே நடத்த நேரும் என்றும் தெரிவித்தார். பின்னர் ஒருவருக்குப் பதிலாக மேலும் சிலரைக் கேட்டார். ஆணைக்குழுவிற் பெரும்பான்மை கேட்டார். ஆகஸ்ட் 15 என்ற தேதியை ரோமாபுரி குறிப்பிட்டும் அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. ஜூன் 30-இல், காம்போஸின் ஓய்வுபெற்ற மேற்றிராணியார் காஸ்த்ரோ மேயர் உடனிருக்க, ஃபெல்லே, டிஸ்ஸியே த மல்லரே, வில்லியம்சன், கலரெத்தா என்னும் நால்வரை லெஃபேவ்ர் அபிஷேகம் செய்தார். மறுநாளே சபைப் பிரஷ்ட ஆணை வெளிவந்தது. அதற்கு மறுநாள் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், நிகழ்ந்தது பிளவின் செயல் என்று அறிவித்து, பழைய வழிபாட்டை நேசிப்போரைத் தாராளமாக ஆதரிக்க வேண்டுமென்று மேற்றிராணிமாரைக் கேட்டுக்கொண்டார்.

கோட்பாட்டைப் பற்றிய தர்க்கத்தில் இருதரப்பும் ஒரு வரைவில் ஒப்பமிட்டபின், ஒரு தேதியிலும் ஓர் எண்ணிக்கையிலும் உறவு முறிந்துபோனதை எண்ணிப் பார்க்கவேண்டும். நம்பிக்கை அற்ற இடத்தில் வாக்கியம் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் உடன்படிக்கை நிற்பதில்லை. முந்தைய பதின்மூன்று ஆண்டுகளிற் பட்ட புண்கள் லெஃபேவ்ரை அஞ்சச் செய்தன என்பது உண்மை. பாப்பரசரின் கட்டளை இன்றி மேற்றிராணிமாரை ஏற்படுத்துவது, பாரம்பரியத்தின் பெயராலேயே நியாயப்படுத்த முடியாத காரியம் என்பதும் அதைவிடப் பெரிய உண்மை. அவர் காக்க விரும்பிய பழைய திருச்சபைதான் அக்கட்டுப்பாட்டையும் அவருக்குக் கற்பித்தது.

அப்பிளவின் எல்லைக்கோடு, ஒரே பூசையைச் செய்வோரின் நடுவே விழுந்தது. லெஃபேவ்ரைப் பின்தொடர மறுத்த ஏறக்குறையப் பன்னிரண்டு குருக்களும் இருபது குருமாணவரும், ஜூலை 18-ஆம் நாள், ஓத்ரீவ் என்னும் சுவிஸ் மடத்திற் கூடிப் புனித இராயப்பர் குருக்கள் சங்கத்தை நிறுவினார்கள். கையில் ஒன்றுமில்லாதிருந்தும், அவுக்ஸ்பர்க் மேற்றிராணியார் ஆதரிக்க, விக்ராட்ஸ்பாட் என்னும் பவேரியச் சிற்றூரில் அவர்கள் குருமடம் தொடங்கினார்கள். இன்று அச்சங்கத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட குருக்கள் உளர். லெஃபேவ்ரின் சங்கத்தில் எழுநூறுக்கு மேற்பட்டோர். தென்பிரான்ஸின் பாரூவில், பாறைக் குன்றின்மேல் தம் கையாலே மடம் கட்டிக்கொண்ட ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளும், தலைவர் ஜெரார் கால்வே வழிகாட்ட, ரோமாபுரியோடு ஒப்புரவானார்கள். முன்னாள் அவர்களுக்குக் குருப்பட்டம் அளித்தவரே லெஃபேவ்ர் என்பதால், அந்த முடிவு எவ்வளவு வேதனையோடு எடுக்கப்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பல குடும்பங்களில் சகோதரர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

இப்பிரிவைக் கண்ணாரக் காணவேண்டுமாயின் பெந்தேகோஸ்து நாட்களிற் பிரான்ஸுக்குச் செல்லவேண்டும். 1983 முதல், பாரிஸிலிருந்து சார்த் மாதா பேராலயம் வரை, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரத்தை மூன்று நாளிற் கால்நடையாகக் கடக்கும் யாத்திரை ஒன்று நடந்துவருகிறது. 1988-க்கு முன் இருதரப்பாரும் சேர்ந்தே நடந்தார்கள். 1989-இல், ரோமாபுரியோடு இணைந்தவர்கள் பாரிஸிலிருந்து சார்த்தை நோக்கி நடக்க, லெஃபேவ்ரின் சங்கத்தார் அதே நாட்களிற் சார்த்திலிருந்து பாரிஸை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். ஒரே மாதாவின் பாட்டைப் பாடிக்கொண்டு, ஒரே செபமாலையை உருட்டிக்கொண்டு, எதிரெதிர்த் திசையில். அண்மை ஆண்டுகளிற் சார்த் யாத்திரைக்கு மட்டும் பதினையாயிரத்துக்கு மேற்பட்டோர் வருகிறார்கள், பெரும்பாலோர் இளைஞர். பொதுச்சங்கத்துக்குப் பல்லாண்டு பின்னர்ப் பிறந்த அவர்கள், எதை இழந்தோம் என்ற ஏக்கத்தால் வந்தவரல்லர். இழந்த காலத்தை அவர்கள் கண்டதேயில்லை. மௌனத்தையும், முழந்தாளிடுதலையும், மனிதனுக்கு மேற்பட்ட ஒன்றின் சந்நிதியில் நிற்கும் அச்சத்தையும் தேடிவருகிறார்கள். பழைய பூசை முதியோர்களோடு மறைந்துவிடும் என்று 1970-களில் எண்ணியவர்களின் கணக்கு இங்கே தவறிவிட்டது.

நான் மிகவும் மதிக்கும் உதாரணம் பிரேசிலைச் சேர்ந்தது. ரியோ த ஜனெய்ரோ மாநிலத்தின் வடபகுதியில் கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த காம்போஸ் மேற்றிராசனத்தை 1949 முதல் 1981 வரை ஆண்ட காஸ்த்ரோ மேயர், புதிய பூசை வந்த பின்னும் தம் குருக்களைப் பழைய முறையிலேயே இருக்கவிட்டார். அவருக்குப் பின் வந்தவர் அக்குருக்களைப் பங்குக் கோவில்களினின்று அகற்றினார். ஜனங்கள் கூடவே வெளியேறி, தங்கள் செலவில் வேறு கோவில்களைக் கட்டிக்கொண்டார்கள். ஒரே ஊரில் பழைய கோவிலும் அதற்கு எதிரே புதிய கோவிலும், ஒரே குடும்பத்தில் இரண்டு ஞானஸ்நானப் பதிவேடுகளும் ஏற்பட்டன. காஸ்த்ரோ மேயர் 1991 ஏப்ரலில் மறைந்தபின், லெஃபேவ்ரின் மேற்றிராணிமார் மூவர் வந்து, லிசீனியோ ரங்கேல் என்னும் குருவை அவ்வாண்டு ஜூலையில் அபிஷேகம் செய்தார்கள். இது ரோமாபுரியின் கட்டளையின்றி நடந்த மற்றொரு செயல். பிரிவு நிலைபெற்றுவிட்டது என்றே எல்லாரும் எண்ணினார்கள்.

பத்தாண்டுகள் சென்றன. 2000-ஆம் ஆண்டின் யூபிலியின்போது ரோமாபுரியில் தொடங்கிய பேச்சு பலன் தந்தது. ரங்கேலும் அவருடைய குருக்களும், பொதுச்சங்கத்தைத் திருச்சபையின் சங்கமாக ஏற்று, அதனைப் பாரம்பரியத்தின் ஒளியிற் புரிந்துகொள்வதாகவும், புதிய பூசை செல்லத்தக்கது என்றும் எழுதிக்கொடுத்தார்கள். 2002 ஜனவரி 18-ஆம் நாள், காம்போஸ் பேராலயத்திற் பாப்பரசரின் கடிதம் பகிரங்கமாக வாசிக்கப்பட்டு, அவர்களுக்கென்று தனி அப்போஸ்தலிக்க நிர்வாகம் ஏற்படுத்தப்பட்டது. ரங்கேல் அதன் தலைவரானார். நோயுற்றிருந்த அவர் அவ்வாண்டு டிசம்பரிலேயே மறைந்தார். எனினும் முன்னதாக ஆகஸ்டில், ஃபெர்னாந்தோ ரிஃபான் அவருக்கு உதவியாளராக, இம்முறை பாப்பரசரின் கட்டளைப்படியே, அபிஷேகம் பெற்றிருந்தார். அந்த நிர்வாகத்தின் குருக்கள் பழைய பூசையையே செய்கிறார்கள். அதன் தலைவருடைய அதிகாரம் காம்போஸ் மேற்றிராணியாரின் அதிகாரத்தோடு ஒரே நிலப்பரப்பிற் சேர்ந்து நடக்கிறது. ரிஃபான் பிரேசில் மேற்றிராணிமாரின் பேரவையில் மற்றவரோடு சமமாக அமர்ந்தார்.

ஒரே நிலத்தில் இரண்டு அதிகாரம் என்றவுடன் தமிழ்நாட்டுச் சரித்திரம் அறிந்தவர்க்குப் பழைய நினைவொன்று வரும். 1838-இற் பதினாறாம் கிரகோரியார் மயிலாப்பூர், கொச்சி முதலிய மேற்றிராசனங்களிற் போர்ச்சுகல் அரசின் பதுரவாதோ என்னும் திருச்சபைப் புரவலர் அதிகாரத்தை நீக்கியபோது, கோவைக் குருக்கள் பலர், அதாவது கோவா நாட்டிலிருந்து வந்த குருக்கள், அக்கட்டளை மெய்யானதன்று என்று சொல்லிக் கீழ்ப்படிய மறுத்தார்கள். மதுரை மிஷனுக்குத் திரும்பிவந்த இயேசு சபையாருக்கும் அவர்களுக்கும் கோவில் கோவிலாக வழக்குகள் நடந்தன. மறுத்தவர்களும் தாங்கள் பாப்பரசரின் பிள்ளைகளே என்றுதான் சொன்னார்கள். செபத்திலும் விசுவாசத்திலும் வேற்றுமை எதுவுமில்லை. அரை நூற்றாண்டுக் கசப்புக்குப் பின், 1886-இற் பதின்மூன்றாம் லியோ போர்ச்சுகலோடு செய்த உடன்படிக்கையில், இரு அதிகாரங்களுக்கும் இடம் கொடுத்தே அமைதி உண்டாக்கப்பட்டது. அந்த ஏற்பாடு அழகானதென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஆன்மாக்கள் திருச்சபைக்குள் இருந்தன.

ராட்சிங்கர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் என்ற பெயரோடு பாப்பரசரானபின், 2007 ஜூலை 7-ஆம் நாள், எந்தக் குருவும் மேற்றிராணியாரின் தனி அநுமதியின்றிப் பழைய பூசையைச் செய்யலாம் என்று விதித்தார். 2009 ஜனவரியில் நான்கு மேற்றிராணிமாரின் சபைப் பிரஷ்டத்தையும் நீக்கினார். அதே நாட்களில், அந்நால்வருள் ஒருவரான வில்லியம்சன், நாஜிகள் விஷவாயு அறைகளில் யூதர்களைக் கொன்றதை மறுத்துப் பேசிய பேட்டி சுவீடன் தொலைக்காட்சியில் வெளியாகி, உலகெங்கும் கண்டனம் எழுந்தது. லெஃபேவ்ரின் தந்தை எங்கே, யார் கையில் மாண்டார் என்பதை இங்கே நினைவுகூருங்கள். அவரது மகன் ஸ்தாபித்த இயக்கத்தின் மேற்றிராணியார் ஒருவர் வாயிலிருந்து அத்தகைய சொல் வந்தது, அவ்வியக்கத்தின் ஓரங்களிற் படிந்திருந்த அரசியல் நஞ்சை வெளிப்படுத்திற்று. உலகத்தோடு பேசுவதை நிறுத்திவிட்ட எந்தச் சமூகத்துக்கும் நேரக்கூடிய விபத்து இது. சங்கம் 2012-இல் அவரை வெளியேற்றியது. ரோமாபுரிக்கும் சங்கத்துக்கும் இடையே கோட்பாட்டுப் பேச்சுகள் 2009 முதல் நடந்து, ஒரு வரைவு வரைக்கும் வந்து, 2012-இல் நின்றுபோயின.

பிரான்சிஸ் பாப்பரசரின் காலம் இன்னும் சிக்கலானது. 2015-இல் இரக்கத்தின் யூபிலிக்காக, லெஃபேவ்ர் சங்கத்துக் குருக்களிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் செல்லும் என்று அவர் அறிவித்தார். மறு ஆண்டு அதை நிரந்தரமாக்கினார். 2017-இல் அவர்கள் முன்னிலையில் நடக்கும் விவாகங்களுக்கும் வழிசெய்தார். வெளியே நின்றவர்களிடம் இவ்வளவு தயை காட்டிய அவரே, 2021 ஜூலை 16-ஆம் நாள், உள்ளே இருந்தவர்களுக்குப் பழைய பூசையைப் பெரிதும் சுருக்கினார். பங்குக் கோவில்களில் அது நடக்கலாகாது. புதிதாகப் பட்டம் பெறும் குருக்களுக்கு ரோமாபுரியைக் கலந்தே அநுமதி தரவேண்டும். பழைய பூசை, பொதுச்சங்கத்தையே மறுப்பதற்குக் கொடியாகிவிட்டது என்பது அவர் கூறிய காரணம். அக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு என்பதை எழுத்தாலும் பேச்சாலும் பழைய பூசையை நாடுவோரே பலமுறை நிரூபித்திருக்கிறார்கள்: பாப்பரசரை அவமதிப்பதையே விசுவாசத்தின் அடையாளமாகக் கொண்ட குரல்களை அவர்களது தலைவர்கள் வேண்டிய அளவு கண்டிக்கவில்லை. ஆயினும் 1988-இல் தங்கள் தலைவரையும் நண்பரையும் விட்டு, பாப்பரசரின் வாக்கை நம்பி வந்தவர்கள், வாக்குக் கொடுத்தவரின் மூன்றாவது வாரிசிடமிருந்தோ நான்காவது வாரிசிடமிருந்தோ இன்னும் எதைக் கேட்க நேருமோ என்று அஞ்சி வாழவேண்டிய நிலை நல்லதன்று. 2022 பிப்ரவரியில் புனித இராயப்பர் சங்கத்துக்கு மட்டும் பழைய புத்தகங்கள் உறுதிசெய்யப்பட்டன. மற்ற விசுவாசிகள், சொந்த வீட்டில் விருந்தாளியாகத் தங்கும் மருமகளைப் போல, நாளைக்கு எந்த அறை என்று அறியாமல் இருக்கிறார்கள்.

பிறரது தயவால் வரும் அநுமதிக்கும், சட்டத்தால் வரும் இடத்துக்கும் உள்ள வேற்றுமையையே நான் முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன். 1984-இல் பழைய பூசைக்குக் கிடைத்த அநுமதி, 1988-இன் வேண்டுகோள், 2007-இன் தாராளம், 2021-இன் கட்டுப்பாடு ஆகிய நான்கும் தன்மையில் வேறாயினும் இனத்தால் ஒன்றே: ஒரு கையெழுத்து தந்ததை மற்றொரு கையெழுத்து மீட்கலாம். அதனால் இவர்கள் எப்போதும் அடுத்த பாப்பரசர் யார் என்று கணக்கிடும் பழக்கத்துக்கு ஆளாகிறார்கள். அப்பழக்கம் பக்தியைக் கட்சியாக மாற்றுகிறது. கட்சியாக மாறியதைக் காட்டி மேலும் கட்டுப்பாடு வருகிறது. காம்போஸில் இச்சுழல் அறுபட்டது. அங்கே தங்கள் மேற்றிராணியார், தங்கள் குருமடம், தங்கள் கோவில்கள் என்ற நிலை சட்டத்தால் உறுதிப்பட்டதனால், குருக்கள் அருகிலுள்ள பங்கின் குருவைப் பகைவராகப் பார்க்கவேண்டிய காரணம் இல்லாமற் போயிற்று. 2021-இன் விதிகளாலும் அந்த நிர்வாகம் கலையவில்லை.

1988-இல் அபிஷேகம் பெற்ற நால்வருள் டிஸ்ஸியே 2024 அக்டோபரிலும், வில்லியம்சன் 2025 ஜனவரியிலும் மறைந்தார்கள். சங்கத்தை அன்று நெருக்கிய அதே கேள்வி, யார் குருப்பட்டம் கொடுப்பது என்பது, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலானபின், பாப்பரசர் பதினான்காம் லியோவின் காலத்தில் மீண்டும் எழுந்து நிற்கிறது. சட்டக் கருவி இல்லை என்று சொல்வதற்கில்லை. காம்போஸுக்குத் தனி நிர்வாகம் உண்டு, ஆங்கிலிக்கரிலிருந்து வந்தவர்களுக்கு, 2009-இன் சட்டப்படி, தனி ஆட்சிப்பகுதிகள் ஏற்பட்டிருக்கின்றன. பொதுச்சங்கத்தைச் சங்கமென்றும் புதிய பூசையைப் பூசையென்றும் ஏற்றுக்கொள்ளும் அளவே காம்போஸ் குருக்களிடம் கேட்கப்பட்டது. மற்றத் தர்க்கங்களை நடத்த அவர்களுக்கு உரிமை விடப்பட்டது. அவ்வளவையே எகோனிடமும் கேட்டு, அவ்வளவையே எகோனும் கொடுத்து, மேற்றிராணியார் நியமனத்தை ரோமாபுரி முதலில் தீர்த்துவைத்தால், மதசுதந்தரத்தைப் பற்றிய விவாதத்துக்கு இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆனாலும் குற்றமில்லை. 1988 மே 5-ஆம் நாள் மாலையில் இருதரப்பும் கையெழுத்திட்ட காகிதத்தில் ஏறக்குறைய இவ்வளவுதான் எழுதப்பட்டிருந்தது.